இரண்டு டெஸ்க்டாப்புகளும் ஓர் உரிமமும்

1996இல் லினக்ஸில் வேலை செய்தவர்களுக்குத் திரையில் ஜன்னல்கள் இருந்தன, டெஸ்க்டாப் இல்லை. 1984இல் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் விண்டோ சிஸ்டம் ஜன்னல்களை வரைந்து தரும். விசைப்பலகையும் மவுஸும் சொல்வதை உரிய நிரலிடம் கொண்டு சேர்க்கும். பொத்தான் எப்படி இருக்க வேண்டும், மெனு எப்படித் திறக்க வேண்டும் என்பதில் அது தலையிடாது. அதைச் செய்தவர்கள் வேண்டுமென்றே அப்படி விட்டிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு முகத்தோடு வந்தது. அதீனா என்ற பழைய தொகுப்பை நம்பிய நிரலில் உருள்பட்டையின் மேல் இடது பொத்தானை அழுத்தினால் பக்கம் கீழே போகும், வலது பொத்தானை அழுத்தினால் மேலே வரும், பிடித்து இழுப்பதற்கு நடுப்பொத்தான். பக்கத்திலேயே மோட்டிஃப் என்ற இன்னொரு தொகுப்பில் எழுதிய நிரல் திறந்திருந்தால் அங்கே பழக்கமே வேறு. சன், எச்பி, ஐபிஎம் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து சிடிஇ என்ற ஒழுங்கான டெஸ்க்டாப்பைச் செய்து வைத்திருந்தன. அப்போது அதற்கு விலை இருந்தது, மூலநிரல் கிடைக்கவில்லை.

ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் எட்ரிச் என்ற 24 வயது மாணவர் இருந்தார். லேடெக் என்ற ஆவணத் தயாரிப்பு முறையின் கட்டளைகளை மனப்பாடம் செய்யாமலே அதில் ஆவணம் எழுத உதவும் லிக்ஸ் என்ற நிரலை அதற்கு முன்பே எழுதியிருந்தவர். 1996 அக்டோபர் 14 அன்று அவர் யூஸ்நெட் என்ற விவாதக் குழுக்களின் வலையில் ஓர் அழைப்பு விடுத்தார். எக்ஸ் நிரல்கள் ஒன்றைப் போல் ஒன்று இல்லை என்று அதில் குறைப்பட்டுக்கொண்டார். கணினியை நிர்வகிப்பவருக்காக அல்லாமல், சாதாரணமாகப் பயன்படுத்துபவருக்காக ஒரு முழுச் சூழலை உருவாக்குவோம், நிரலாளர்கள் வாருங்கள் என்றார். அந்த அழைப்பில் எனக்குப் பிடித்தது இந்த முன்னுரிமைதான். லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸின் உலகம் அதுவரை பெரும்பாலும் தனக்குத்தானே கருவி செய்துகொண்டிருந்தது. கடிதம் எழுதவும் கோப்பைத் திறக்கவும் வந்து உட்காருகிறவரை நினைத்து எழுதப்பட்டது அந்த அழைப்பு. அதிலிருந்து பிறந்ததுதான் கேடிஇ.

பொத்தான், மெனு, உருள்பட்டை எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டுமானால் எல்லா நிரல்களும் ஒரே லைப்ரரியை நம்ப வேண்டும். எட்ரிச் தேர்ந்தெடுத்தது க்யூட்டி. ஆஸ்லோவின் ட்ரோல்டெக் நிறுவனம் சி++ மொழியில் எழுதியது. சுத்தமான வடிவமைப்பு, நல்ல ஆவணங்கள். கட்டற்ற மென்பொருள் எழுதுவோர் காசில்லாமல் பயன்படுத்தலாம், மூலநிரலையும் பார்க்கலாம். ஆனால் அதைத் திருத்தி, திருத்திய வடிவத்தைப் பிறருக்குக் கொடுக்க அனுமதி இல்லை.

சண்டை இங்கேதான் தொடங்கியது. கேடிஇயின் நிரல்கள் பெரும்பாலும் ஜிபிஎல் உரிமத்தில் இருந்தன. ஜிபிஎல் நிரலை வேறொன்றோடு சேர்த்து விநியோகித்தால், திருத்தவும் பகிரவுமான விடுதலை சேர்ந்த முழுமைக்கும் போய்ச் சேர வேண்டும். க்யூட்டியின் உரிமம் அதைத் தடுத்தது. கேடிஇ தரப்பு, வேலை நடக்கிறதே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டது. எதிர்த் தரப்பின் கவலை இன்றைய நஷ்டம் பற்றியது அல்ல. லினக்ஸின் முகமாகப் போகும் ஒன்றின் அஸ்திவாரம் ஒரு தனி நிறுவனத்தின் கையில் இருக்கலாமா என்பதே அவர்கள் கேள்வி. அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். லினக்ஸ் விநியோகங்களில் ஒன்றான டெபியன் 1998 அக்டோபரில் கேடிஇயைத் தன் தொகுப்பிலிருந்து எடுத்தேவிட்டது.

அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1997 ஆகஸ்டில், மெக்சிகோவிலிருந்து வேறொரு பதில் வந்துவிட்டது. மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் முழுக்க முழுக்கக் கட்டற்ற டெஸ்க்டாப் ஒன்றை அறிவித்தார்கள். அதுதான் க்னோம். அதே ஆண்டு டி இகாசா மைக்ரோசாஃப்டில் வேலைக்கு நேர்காணல் போய் வந்திருந்தார். பட்டம் முடிக்காததால் விசா சிக்கலாகி அந்த வேலை அமையவில்லை. சிறு சிறு கூறுகளைக் கோத்து மென்பொருள் கட்டும் யோசனையை அங்கே கண்டது க்னோமின் தொடக்க வடிவத்தில் தெரிகிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட லைப்ரரி ஜிடிகே. பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் கிம்ப் என்ற படத் திருத்தியை முதலில் மோட்டிஃபை வைத்து எழுதினார்கள்; மோட்டிஃப் பிடிக்காமல் போனதால் தாங்களே ஒரு லைப்ரரியை எழுதிக்கொண்டார்கள். க்னோமுக்கு வேண்டிய அஸ்திவாரம் தயாராகவே இருந்தது. 1998 ஜனவரியில் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் ஓர் ஆய்வகம் தொடங்கி இதற்கு ஆள்பலம் தந்தது. கேடிஇ 1.0 அந்த ஜூலையில் வந்தது, க்னோம் 1.0 அடுத்த மார்ச்சில்.

இரண்டு அணிகள் ஒரே வேலையைச் செய்ததை விரயம் என்பவர்கள் உண்டு. நான் ஒப்ப மாட்டேன். க்னோம் வளர வளர ட்ரோல்டெக்கின் மீது நெருக்கடி ஏறியது. க்யூட்டிக்கு மாற்றாக ஹார்மனி என்ற கட்டற்ற லைப்ரரி வேறு எழுதப்பட்டுவந்தது. 1998 நவம்பரில் ட்ரோல்டெக் புதிய, திறந்த உரிமம் ஒன்றை அறிவித்தது. அதுவும் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகவில்லை. 2000 செப்டம்பரில் க்யூட்டியை ஜிபிஎல்லிலேயே வெளியிட்டது. டெபியனில் கேடிஇ மறுபடி இடம்பிடித்தது.

அதே காலத்தில் கேடிஇ தரப்பு ட்ரோல்டெக்கோடு செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று உண்டு. 1998இல் இரு தரப்பும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்தன. க்யூட்டியின் கட்டற்ற பதிப்பு 12 மாதங்களுக்கு மேல் வெளிவராமல் நின்றுபோனால், அதை பிஎஸ்டி வகை என்ற, கட்டுப்பாடு மிகக் குறைந்த உரிமத்தில் உலகுக்கே திறந்துவிடும் அதிகாரம் அந்த அறக்கட்டளைக்கு. 2008இல் நோக்கியா ட்ரோல்டெக்கை வாங்கியது. 2012இல் க்யூட்டி டிஜியா நிறுவனத்தின் கைக்குப் போனது. விற்றவர்கள் போனார்கள், வாங்கியவர்கள் வந்தார்கள். அந்த ஒப்பந்தம் ஒவ்வொரு கைமாற்றத்தையும் தாண்டி நிற்கிறது.