முசௌரி மலையும் ஒரு தீர்ப்பும்

யமுனோத்ரி யாத்திரை செல்லும் நம் அங்கத்தினர்களில் பலர் டேராடூன், முசௌரி, கெம்ப்டி அருவி வழியாகவே போகிறார்கள். மால் ரோடில் ஒரு நடை, அருவியில் ஒரு ஸ்நானம், பிறகு பயணம் தொடர்கிறது. இம்மலையின் நீரைக் காக்க உச்ச நீதிமன்றம் வரை ஒரு வழக்கு நடந்த விவரம் பலருக்குத் தெரிவதில்லை.

கூர்க்கா யுத்தத்திற்குப் பின் டூன் பள்ளத்தாக்கு கம்பெனி வசமாயிற்று. 1820களில் யங் என்ற ராணுவ அதிகாரியும் ஷோர் என்ற சிவில் அதிகாரியும் வேட்டைக்காகக் கட்டிய சிறு குடிலே முசௌரியின் ஆரம்பம். 1802ல் நம் பரங்கிமலை அருகே லாம்டன் தொடங்கிய நில அளவைப் பணியைத் தொடர்ந்து நடத்திய எவரெஸ்ட், 1830களில் இங்கே ஹாத்திபாவில் வீடு வாங்கினார்.

இம்மலைகளில் சுண்ணாம்புக்கல் மிகுதி. அதன் வெடிப்புகளில் மழைநீர் இறங்கித் தங்கி, ஊற்றுகளாக மெல்ல வெளிவருகிறது. சுருக்கமாகச் சொன்னால், மலையே ஒரு நீர்த்தொட்டி. அந்தக் கல்லை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மரங்கள் போயின, சரிவுகளில் கற்குவியல் இறங்கியது, ஊற்றுகள் வற்றின.

1983ல் டேராடூனைச் சேர்ந்த ஒரு தொண்டு அமைப்பு உச்ச நீதிமன்றத்திற்குக் கடிதம் எழுதியது. அக்கடிதமே ரிட் மனுவாக ஏற்கப்பட்டது. நிபுணர் குழு குவாரிகளை மூன்று வகையாகப் பிரித்தது. 1985 மார்ச் 12ல் நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு, மிகவும் கேடு விளைவித்த பிரிவை அடியோடு மூட உத்தரவிட்டது. சுற்றுச்சூழல் குறித்து நம் நாட்டில் வந்த முதல் பெரிய வழக்கு இதுவே. வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு, இயன்றவரை மரம் நடும் பணியிலேயே வேலை தர வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. அரசுப் பணியில் பல உத்தரவுகளைப் படித்தவன் என்ற முறையில், என்னை மிகவும் கவர்ந்த பகுதி அதுதான். மலைக்கு நியாயம் வழங்கும்போது, கல் உடைத்துப் பிழைத்த ஏழையையும் அது மறக்கவில்லை.

இதற்கு முன்பே, 1982 டிசம்பரில், முன்னாள் ராணுவத்தினரைக் கொண்ட கார்வால் ரைபிள்ஸின் சுற்றுச்சூழல் படை தோற்றுவிக்கப்பட்டு, முசௌரிச் சரிவுகளில் மரம் நட ஆரம்பித்திருந்தது.

டேராடூனுக்கு அருகிலுள்ள சகஸ்ரதாராவுக்கும் அவசியம் செல்லுங்கள். குகைக் கூரையிலிருந்து சுண்ணாம்பு கரைந்த நீர் சொட்டுவதைப் பார்த்தால், மேலே சொன்ன விஞ்ஞானம் கண்ணெதிரே விளங்கும். நான் சென்றபோது அந்த நீரோடையில் தின்பண்ட உறைகளும் மிதந்தன. குவாரியை மூட நீதிமன்றம் உத்தரவிடலாம். நம் கையிலுள்ள குப்பையை நாம்தான் திரும்ப எடுத்து வர வேண்டும்.