இரு பெயர் நகரில் ஒரு மேடை

வட அயர்லாந்தின் அந்த நகருக்கு இரண்டு பெயர்கள். ஐரிஷ் தேசியவாதிகளுக்கு, அதாவது பெரும்பாலும் கத்தோலிக்கர்களுக்கு, அது டெர்ரி. பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் யூனியனிஸ்டுகளுக்கு, பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகளுக்கு, லண்டன்டெர்ரி. ஊர்ப்பெயரைச் சொன்னதுமே ஒருவர் எத்தரப்பினர் என்பதைக் கேட்பவர் ஊகித்துவிடுவார்.

நகரின் நடுவே 1890-ல் திறக்கப்பட்ட கில்ட்ஹால் என்னும் நகர மண்டபம் நிற்கிறது. கத்தோலிக்கரே பெரும்பான்மையினர் என்றபோதும், வட்ட எல்லைகள் வளைத்து வகுக்கப்பட்டதால் நகரசபை பல பத்தாண்டுகள் யூனியனிஸ்டுகள் கையிலேயே இருந்தது. ஆகவே அக்கட்டடம் ஒருசாராருக்குப் பெருமிதம், மறுசாராருக்கு அநீதியின் சின்னம். 1972 ஜனவரி 30 அன்று அதன் முன்னுள்ள சதுக்கத்தை அடைய எண்ணிய உரிமைப் பேரணியின்மீதுதான் பிரிட்டிஷ் படையினர் சுட்டனர். 13 பேர் அன்றே மாண்டனர். அதே ஆண்டு மண்டபமும் குண்டுவெடிப்பில் சிதைந்தது.

செப்பனிடப்பட்ட அம்மண்டபத்தில், 1980 செப்டம்பர் 23 அன்று ‘ட்ரான்ஸ்லேஷன்ஸ்’ நாடகம் அரங்கேறியது. கத்தோலிக்கரான நாடகாசிரியர் பிரையன் ஃப்ரீலும், புராட்டஸ்டண்டான நடிகர் ஸ்டீஃபன் ரேயும் தொடங்கிய ஃபீல்ட் டே குழுவின் முதல் படைப்பு அது. கதை 1833-ல் நிகழ்கிறது: பிரிட்டிஷ் நிலஅளவைப் படையினர் ஐரிஷ் ஊர்ப்பெயர்களை ஆங்கிலமாக்கி வரைபடத்தில் ஏற்றுகிறார்கள். ஐரிஷ் பேசுவோரின் வசனமும் ஆங்கிலத்திலேயே ஒலிக்கிறது. நம் செவிக்கு ஒரே மொழி. மேடையில் இருப்பவர்களுக்கோ ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்குவதில்லை. அந்நகரின் நிலையை இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியுமா? திரை விழுந்ததும் யூனியனிஸ்ட் மேயரும் எழுந்து நின்று கைதட்டினார்.

இதைக் கொண்டு கலை பகையைத் தீர்த்தது என்று நாம் எழுதிவிடலாகாது. வன்முறை மேலும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 1984-ல் நகரசபை தன் பெயரை டெர்ரி என்று மாற்றிக்கொண்டது; நகரின் சட்டப்பூர்வப் பெயர் லண்டன்டெர்ரியாகவே நீடித்தது. அரங்கம் ஒப்புதலை உண்டாக்கவில்லை. கருத்தொவ்வாதவர்கள், தங்களைப் பிரித்த அதே பெயர்ச் சிக்கலை ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கேட்கும் ஓரிரவை உண்டாக்கியது. ஒருதரப்பின் கட்டடம் அன்று சற்றே பொதுக் கட்டடமாயிற்று.

2010 ஜூன் 15 அன்று, 1972-ல் சுடப்பட்ட எவராலும் படையினருக்கு உயிராபத்து இருக்கவில்லை என்ற விசாரணை முடிவு வெளியானது. அதைக் கேட்க மக்கள் திரண்டதும் கில்ட்ஹாலின் முன்னேதான். பேரணி சென்றுசேர முடியாத சதுக்கம் அது.