சோறு விலைக்கு வந்த வரலாறு

வரலாறு எழுதுவோர் முடியையும் போரையும் எழுதிய அளவிற்கு அடுப்பை எழுதியதில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் யாரோடு அமர்ந்து உண்டது, யார் கையால் ஆக்கிய சோற்றை ஏற்றது, யார் கைச் சோற்றை மறுத்தது என்பவற்றை ஆராய்ந்தால், அச்சமுதாயத்தின் உண்மை நிலை தெளிவாகப் புலப்படும்.

கெடா மாநிலத்தின் வடக்கே, குபாங் பாசு மாவட்டத்தின் தலையூராக விளங்குவது ஜித்ரா. அலோர் ஸ்டாரிலிருந்து தாய்லாந்து எல்லைக்குச் செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் அது. அத்தகைய ஊரின் சாப்பாட்டுக்கடையில் இன்று நுழையும் தமிழர், சோறு ஆக்கியவர் எக்குலத்தவர் என்று வினவுவதில்லை. “குழம்பு இன்று வைத்ததா? மசாலை அரைத்ததா, பாக்கெட்டா?” என்றே வினவுகின்றார். ‘யார் சமைத்தது?’ என்னும் கேள்வி தேய்ந்து, ‘எப்படிச் சமைத்தது?’ என்னும் கேள்வி வளர்ந்தது எளிதில் நிகழ்ந்த மாற்றம் அன்று. அம்மாற்றமே தமிழர் சாப்பாட்டுக்கடையின் வரலாறு ஆகும்.

பழந்தமிழ் நகரங்களில்

சமைத்த உணவை விலைக்கு விற்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியது அன்று. மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, மதுரை மாநகரின் தெருக்களில் தின்பண்டம் விற்போரையும் உணவு விற்போரையும் காட்டுகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் அப்பம் சுடும் கூவியர் வருகின்றனர். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்து வணிகரை எண்ணுமிடத்துக் காழியரையும் கூவியரையும் சேர்த்தே எண்ணுகின்றது. காழியர் என்பார் பிட்டு விற்போர் என்றும், கூவியர் என்பார் அப்பம் விற்போர் என்றும் உரையாசிரியர்கள் பொருள் கூறுவர்.

அதே புகாரைப் பாடிய பட்டினப்பாலை இரண்டு செய்திகளைத் தருகின்றது. சோறு வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல் ஓடியது என்பது ஒன்று. கடல் வழியே வந்து குவிந்த பண்டங்களுள் காழகத்துப் பொருள்களும் இருந்தன என்பது மற்றொன்று. காழகம் என்பது கடாரம் என்பார் நச்சினார்க்கினியர். கடாரமே இன்றைய கெடா. ஆகவே, தமிழர் அடுப்பிற்கும் கெடாவிற்கும் உள்ள தொடர்பு தோட்டக் காலத்திற்கு மிக முந்தியது எனலாம்.

திருவிளையாடற் புராணத்து வந்தியின் கதையையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். வந்தி மதுரையில் பிட்டு அவித்து விற்றுப் பிழைத்த முதியவள். துணை யாரும் இல்லாதவள். அவளுக்காக மண் சுமக்கக் கூலியாளாய் வந்த இறைவன், உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பெற்று உண்டான் என்பது கதை. விற்பவளின் குலத்தை இறைவன் வினவவில்லை. மனிதரே வினவினர்.

அரிசியும் சோறும்

கோயிலும் அரசும் செல்வரும் நிறுவிய அன்னசத்திரங்கள் வழிப்போக்கரின் பசியைத் தீர்த்த பெருமை உடையவை. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியின் காலத்தில், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எழுந்தது. பல குலத்தார்க்கும் அங்கே உணவு கிடைத்தது. எனினும், சத்திர வழக்கில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. பிறர் சமைத்த சோற்றை உண்ணாதவர்க்கு அரிசியும் பருப்பும் பிறவும் சமைக்காமலே அளந்து கொடுக்கப்பட்டன. அவர்கள் தாமே பொங்கி உண்டனர்.

இங்கேதான் சிக்கலின் வேர் உள்ளது. அரிசி யார் வயலில் விளைந்தாலும், யார் தலையில் சுமந்து வந்தாலும் அதற்குத் தீட்டு இல்லை. உழுதவனும் நட்டவளும் அறுத்தவனும் தொட்ட நெல் அது. அது நீரோடும் நெருப்போடும் கூடிச் சோறானவுடன் தீட்டு வந்து சேர்கின்றது! பச்சைப் பொருளுக்கு இல்லாத சாதி, வெந்த பொருளுக்கு எப்படி வந்தது? உழைப்பை ஏற்றுக்கொண்டு உறவை மறுத்த சமுதாயம், அந்த எல்லைக்கோட்டை உலைப்பானையின் விளிம்பில் வரைந்து வைத்தது.

அக்கோட்டை அழித்த பெருமை வடலூருக்கு உண்டு. வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமய வேறுபாடின்றிப் பசித்தவர் எவராயினும் சோறு என்பது அதன் நெறி. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது காக்கப்படுகின்றது.

கிளப்பும் பெயர்ப்பலகையும்

இரயிலும் நீதிமன்றமும் கல்லூரியும் வந்தபின், ஊர்விட்டு ஊர் சென்றவர் பெருகினர். அவர்க்காகக் காப்பிக் கிளப்புகளும் ஓட்டல்களும் தோன்றின. காசு கொடுத்தவர்க்கெல்லாம் உணவு கிடைக்க வேண்டும் என்பது கடையின் இயல்பு. ஆயினும் சத்திரத்துக் கோடு கடைக்குள்ளும் நுழைந்தது. பிராமணர்க்குத் தனியிடம் ஒதுக்கிய கடைகள் இருந்தன. இரயில் நிலையத்து உணவுச் சாலைகளிலும் அப்பிரிவு இருந்தது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் ஆதி திராவிடர்க்குத் தனிக் குவளை வைக்கப்பட்டது.

ஆசிரியர்கள் மறக்கலாகாத நிகழ்ச்சி சேரன்மாதேவிக் குருகுலத்தில் நடந்தது. வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய அக்கல்வி நிலையத்தில் பிராமண மாணவர் இருவர் தனியே உண்ண இடமளிக்கப்பட்டது. நாட்டுப்பற்றை ஊட்ட எழுந்த பள்ளியில் பந்தி பிரிந்தது. அதனால் எழுந்த பூசல் 1925 அளவில் தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாக்கியது. பாடம் ஒன்றாய் இருந்தும் பந்தி இரண்டானால், மாணவன் பந்தியையே பாடமாகக் கொள்வான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இரயில் நிலையங்களின் உணவுச் சாலைப் பிரிவு, பெரியாரும் அவர் இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்தபின் 1941-இல் நீங்கியது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுத்தல் கூடாது என்று விதித்தது. எனினும், ‘பிராமணாள்’ என்னும் சொல்லைப் பெயர்ப்பலகையிலிருந்து நீக்குவதற்கு 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவுக்கடையின் முன் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. சட்டம் கதவைத் திறந்தது. பலகையை இறக்க மக்கள் தெருவில் நிற்க வேண்டியதாயிற்று.

கடல் கடந்த கடை

மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர் இக்கோட்டையும் மூட்டையோடு கட்டிக்கொண்டே வந்தனர். தோட்டத்து லயங்களில் ஆதி திராவிடர்க்குத் தனி வரிசை ஒதுக்கும் வழக்கம் இருந்தது. ஆயினும் புதிய நாட்டில் பழைய கோட்டைக் காப்பது அரிதாயிற்று. தொடக்கத்தில் வந்தவருள் ஆண்களே மிகுதி. சமைத்துப் போடத் தாயும் இல்லை, மனைவியும் இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டித் திரும்பும் தனியாளுக்கு அம்மியில் அரைக்க நேரம் ஏது? பட்டணத்துத் துறைமுகத் தொழிலாளிக்கும் அதே நிலைதான். இத்தேவையே கடையைப் பிறப்பித்தது.

பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர் காவடித்தண்டின் இருபுறமும் சோற்றையும் கறியையும் தூக்கிச் சென்று விற்றனர். அத்தண்டிற்கு மலாய் மொழியில் ‘கண்டார்’ என்று பெயர். அதனால் அச்சோறு ‘நாசி கண்டார்’ ஆயிற்று. அவர்களை ‘மாமா’ என்று முறை சொல்லி அழைத்த வழக்கிலிருந்து ‘மாமாக்’ கடை என்னும் பெயர் நிலைத்தது. பேரூர்களில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும், சாலையோரங்களில் ஒட்டுக்கடைகளும், தோட்டத்து முகப்பில் தேத்தண்ணிக் கடைகளும் தோன்றின. சம்பள நாளில் டவுனுக்குச் சென்று கடையில் பசியாறி வருவது தோட்டக் குடும்பத்திற்குச் சிறு திருவிழா ஆயிற்று.

தமிழாசிரியர்க்கு மகிழ்ச்சி தரும் சொற்சான்றும் இங்கு உண்டு. மலாய் மொழியில் கடையைக் குறிக்கும் ‘கெடாய்’ என்பது தமிழ்க் ‘கடை’யே. கறி அங்கே ‘காரி’; அப்பம் ‘அப்பாம்’; புட்டு ‘புத்து’; தோசை ‘தோசே’. புகார் நகரத்துக் காழியரும் கூவியரும் விற்ற இரண்டு பண்டங்களும் ஜித்ராவின் காலைச் சந்தையில் மலாய்ப் பெயரோடு விற்கப்படுகின்றன. அரசர் படையெடுப்பால் பெற்ற வெற்றி சில ஆண்டுகளில் மறைந்தது; அடுப்பு கொண்டு சென்ற சொல் மறையவில்லை.

ஜித்ராவும் ஒரே சமையலும்

இவ்வரலாற்றில் ஜித்ராவிற்குத் தனியிடம் உண்டு. 1941 டிசம்பர் 11, 12 நாள்களில், சயாம் எல்லை வழியே வந்த ஜப்பானியப் படை இங்கே பிரிட்டிஷ் இந்தியப் படையின் காவல் வரிசையை உடைத்தது. அப்போரில் சிதறிய இந்தியப் படையினருள் ஒருவர் பஞ்சாப் படைப்பிரிவின் கேப்டன் மோகன் சிங். அலோர் ஸ்டாரில் அவர் ஜப்பானியரோடு நடத்திய பேச்சிலிருந்தே இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கம் அமைந்தது.

பிரிட்டிஷ் இந்தியப் படையில் சமயத்திற்கும் இனத்திற்கும் ஏற்பச் சமையல் தனித்தனியாய் இருந்தது. இந்திய தேசிய இராணுவத்திலோ இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறித்தவர் அனைவர்க்கும் பொதுச் சமையல் ஏற்பட்டது. பின்னர் 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்றபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். லயத்தில் வரிசை பிரிந்து வாழ்ந்தவர்கள் முகாமில் ஒரே பானைச் சோற்றை உண்டனர். வெளியே அரிசி கிடைக்காமல் மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் காத்த காலம் அது. போர் முடிந்து திரும்பியவர் தோட்டத்தில் பழைய கோட்டிற்குப் பணிய மறுத்ததில் வியப்பில்லை. போருக்குப் பின் கெடாத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடையை எதிர்த்ததோடு தொழிலாளரின் தன்மானத்தையும் வற்புறுத்தியது.

சாதி எண்ணம் அன்றோடு அழிந்துவிட்டது என்று கூறுதல் மிகை. திருமணப் பேச்சில் அது இன்றும் தலைகாட்டுகின்றது. ஆனால் கடைப் பலகையில் அதற்கு இடமில்லாமற் போயிற்று. கோயிலும் பள்ளியும் முடிக்காத வேலையை, காசு வாங்கிச் சோறு போட்ட கடை பெருமளவு முடித்தது.

பிஸ்த்ரோவும் புதிய கேள்வியும்

மேலை நாட்டு வரலாற்றோடு இதனை ஒப்பிடலாம். ‘ரெஸ்டாரண்ட்’ என்னும் பிரெஞ்சுச் சொல் முதலில் கடையைக் குறிக்கவில்லை. உடலுக்குத் தெம்பூட்டும் இறைச்சிச் சாற்றையே குறித்தது. 1760-களில் பாரிசில் அச்சாற்றை விற்ற இடங்கள் பின்னர் அப்பெயரைப் பெற்றன. எளிய சிறு உணவுக்கடையைக் குறிக்கும் ‘பிஸ்த்ரோ’ என்னும் சொல் 1884 அளவில் எழுத்தில் வருகின்றது. 1814-இல் பாரிசில் புகுந்த ருஷ்ய வீரர்கள் ‘விரைந்து’ என்னும் பொருள்படக் கூவிய சொல் அது என்பது சுவையான கதையேயன்றி, சான்றுள்ள செய்தி அன்று.

சமையலுக்குப் பேர்பெற்ற அந்நாட்டிலேயே, ஆலையில் ஆக்கி உறையவைத்த உணவைச் சூடாக்கிப் பரிமாறும் கடைகள் பெருகின. ஆகவே 2014-இல் பிரெஞ்சு அரசு சட்டம் செய்தது. பச்சைப் பொருளிலிருந்து கடையிலேயே ஆக்கிய உணவிற்கு மட்டும் ‘வீட்டில் ஆக்கியது’ என்னும் குறியை இடலாம் என்றது. கூரையை மூடியாகக் கொண்ட பாத்திரம் அதன் சின்னம். விதிகளில் குறை காணப்பட்டு, மறு ஆண்டே திருத்தமும் வந்தது. சட்டம் நிறைவானதோ அன்றோ, அது எழுப்பிய கேள்வி ‘எப்படிச் சமைத்தது?’ என்பதே.

ஜித்ராவிற்கும் அக்கேள்வி உரியது. தோட்டங்கள் சுருங்கி மக்கள் டவுனுக்குக் குடிபெயர்ந்தபின், கடை வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. அரைத்த மசாலையின் இடத்தில் பாக்கெட் தூளும், துருவிப் பிழிந்த தேங்காய்ப்பாலின் இடத்தில் பெட்டிப்பாலும், பிசைந்து வீசிய மாவின் இடத்தில் உறைந்த ரொட்டியும் வந்தன. அம்மிக் காலத்தைப் பொற்காலமென்று புகழ்வதும் பொருந்தாது. அந்த அம்மியின் முன் குனிந்தவர் பெண்களும் சிறுவருமே. அரைக்கும் இயந்திரம் அவர்கள் முதுகை நிமிர்த்தியது, அது நன்மையே. ஆயினும், உழைப்பைக் குறைப்பது வேறு, சமையலையே விட்டுவிடுவது வேறு.

பழைய கேள்வி வேறு உருவில் திரும்பியதும் உண்டு. பினாங்கு மாநிலம் 2016 முதல், அங்காடிக் கடைகளில் அம்மாநிலத்திற்குரிய உணவுகளை வெளிநாட்டார் முதன்மைச் சமையலராய் நின்று ஆக்குவதைத் தடுத்தது. மரபுச் சுவையைக் காப்பதே அதன் நோக்கம் என்றனர். ஆனால் சுவை பிறந்த நாட்டைப் பொறுத்ததா, கற்ற முறையைப் பொறுத்ததா? மலாயாவின் சுவைகளுள் பலவற்றை உருவாக்கியவர் ஒரு காலத்தில் வெளிநாட்டாராய் இங்கே வந்திறங்கியவரே. முஸ்லிம்கள் ஹலால் என்று வகுத்துக்கொண்ட முறை இதனின் வேறானது. அது பண்டத்தையும் ஆக்கும் வகையையும் பற்றியது, பிறப்பைப் பற்றியது அன்று.

எனவே, சிற்றூர்க் கடையின் முன் அமர்ந்து, சோறு இன்று வடித்ததா என்று கேட்கும் உரிமை எளிதில் வந்த ஒன்று அன்று. யார் வடித்தது என்று கேட்பதைக் கைவிட்டபின் கிடைத்த உரிமை அது. வள்ளலாரின் சாலையும், குருகுலத்துப் பூசலும், திருவல்லிக்கேணிக் கிளர்ச்சியும், தேசிய இராணுவத்தின் ஒரே பானையும் அதற்கு விலையாக அமைந்தன. இச்செய்திகளைப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்துகொள்ளல் வேண்டும். அப்போதுதான் ஒரு தட்டுச் சோற்றில் எத்தனை பேரின் போராட்டம் வெந்திருக்கிறது என்பது அவர்களுக்குப் புலனாகும்.