அரங்கம் யாருக்கு?

ஊரார் வரிப்பணத்தில் எழும் கட்டிடம் ஊராருக்கெல்லாம் பொது என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரிலே, இந்த எளிய கணக்கைத் தீர்க்க ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைச் சொல்ல வேறு சான்று வேண்டியதில்லை. அந்நகராட்சியின் பேரரங்கம் ஒன்றே போதும்.

பர்மிங்காம் 1871-இல் தோன்றிய நகரம். நிலக்கரியும் இரும்புத் தாதும் சுண்ணாம்புக்கல்லும் அருகருகே கிடைத்தமையால் உலைகள் எழுந்தன. உலைகளைச் சுற்றி ஊர் எழுந்தது. சுரங்கத்துள் இறங்கியோரிலும் உலைமுன் வெந்தோரிலும் கறுப்பின உழைப்பாளர் பெருந்தொகையினர். நகர மக்களில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேர் அவர்களே. 1924-இல் நகராட்சி தன் அரங்கத்தைத் திறந்தது. இசை நிகழ்ச்சி, மற்போர், மாநாடு, கண்காட்சி, பட்டமளிப்பு என எதற்கும் இடந்தரும் அரங்கம்! ஆனால் வரி வாங்குகையில் நிறம் பாராத நகராட்சி, நாற்காலி போடுகையில் நிறம் பார்த்தது. வெள்ளையர் ஒருபுறம், கறுப்பர் மறுபுறம். அல்லது வெள்ளையருக்கு ஒரு காட்சி, கறுப்பருக்கு வேறொரு காட்சி. பொது இடத்தில் இரு இனத்தாரும் சேர்ந்து சீட்டாடுவதையும் தடைசெய்த நகரச் சட்டம், சேர்ந்து பாட்டுக் கேட்பதை எங்ஙனம் பொறுக்கும்?

1938 நவம்பரில் தென்மாநில மக்கள் நல மாநாடு அங்கே கூடியது. வறுமை, கல்வி, வாக்குரிமை ஆகியன பற்றிப் பேச ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். முதலில் நிறவேறுபாடின்றிக் கலந்தே அமர்ந்தனர். அது எத்தனை நேரம் நீடிக்கும்? நகரின் பொதுப் பாதுகாப்பு ஆணையர் யூஜின் 'புல்' கானர் காவலரை ஏவினார். பிரிந்து அமர்க, இல்லையேல் கைது என்பது ஆணை. குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினோர் ரூசவெல்ட் அம்மையாரும் அம்மாநாட்டுக்கு வந்திருந்தார். வெள்ளையர் பக்கம் போய் அமர அவருக்கு மனமில்லை. கறுப்பர் பக்கம் அமரச் சட்டம் விடவில்லை. இரு பகுதிக்கும் நடுவே நாற்காலியைப் போடச் செய்து அமர்ந்தார். நாட்டின் முதற் பெண்மணிக்கே அவ்வளவுதான் முடிந்தது எனில், உலைக்களத்துத் தொழிலாளிக்கு என்ன முடிந்திருக்கும்?

பத்தாண்டு கழிந்தது. 1948 சூலையில் பிலடெல்பியாவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு, குடியுரிமைத் தீர்மானம் ஒன்றை ஏற்றது. மிசிசிப்பிப் பிரதிநிதிகளும் அலபாமாப் பிரதிநிதிகளுள் பாதிப்பேரும் வெளிநடப்புச் செய்தனர். கானரும் அவர்களுள் ஒருவர். மூன்றே நாளில், சூலை 17 அன்று, இவ்வரங்கத்திலே போட்டிக் கூட்டம் கூடிற்று. உள்நாட்டுப் போரில் தோற்ற அடிமை மாநிலங்களின் கொடிகள் அங்கே அசைந்தன. 'மாநில உரிமை' என்பது முழக்கம். நல்ல சொல்தான், ஆனால் அங்கே அச்சொல்லுக்குள் ஒளிந்திருந்தது கறுப்பினத்தாரை ஒதுக்கிவைக்கும் உரிமை. தென் கரோலினா ஆளுநர் ஸ்ட்ராம் தர்மண்ட் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு வேட்பாளராக அங்கே முன்மொழியப்பட்டார். அவ்வாண்டு அலபாமா வாக்குச் சீட்டில் ட்ரூமனின் பெயரே இடம்பெறவில்லை! தர்மண்ட் நான்கு மாநிலங்களை வென்றார். நாட்டை வென்றவர் ட்ரூமன்.

1956 ஏப்ரல் 10-ஆம் நாள் நடந்தது இன்னும் கொடிது. அலபாமாவின் மாண்ட்கமரி நகரில் பிறந்து, இன்குரலால் உலகப் புகழ் பெற்ற நாட் கிங் கோல், இங்கிலாந்தின் டெட் ஹீத் இசைக்குழுவுடன் பாட வந்தார். முதற்காட்சி வெள்ளையருக்கு மட்டும். சில பாடல்களே முடிந்திருந்தன. நிறவெறிக் குழுவினர் சிலர் மேடைமீது பாய்ந்து அவரைக் கீழே தள்ளினர். சதியின் வாடை முன்பே எட்டியிருந்ததால் காவலர் உடனே பாய்ந்து பிடித்தனர். ஆறு பேர் கைதாயினர். முதுகில் அடிபட்ட கோல் மீண்டும் மேடைக்கு வந்து, பாட இயலாமையைத் தெரிவித்தபோது, அவையினர் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். அவர்களும் வெள்ளையரே என்பதை மறைக்கலாகாது. கைதட்டிய அவர்கள், தம் பக்கத்து இருக்கையில் ஒரு கறுப்பர் ஏன் இல்லை என்று கேட்டதாகத்தான் தெரியவில்லை. அன்றிரவே கறுப்பின மக்களுக்கான இரண்டாங் காட்சியில் கோல் பாடினார்.

அந்த ஆண்டில் கானர் பதவியில் இல்லை என்பது கருதத்தக்கது. 1953-இல் விலகியவர் 1957-இல்தான் திரும்பி வந்தார். ஆணையர் இல்லாவிடினும் ஆணை இருந்தது. கொடுமைக்கு ஒரு தனி மனிதரைக் காட்டிவிட்டு ஊர் தன் கையைக் கழுவிக்கொள்ள வழியில்லை. கோலும் கண்டனத்துக்குத் தப்பவில்லை. பிரித்து அமர்த்தும் அவைகளில் பாட ஒப்பியது ஏன் எனக் கறுப்பினத்தாரே கடிந்தனர். அவர் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தில் வாழ்நாள் உறுப்பினரானார். அடிபட்டவரையே குற்றஞ்சாட்டுவதா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் நுழைவுச் சீட்டு வாங்கியும் சமமாக அமர முடியாதவரின் சினத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நகரப் பூங்காக்களில் நிறவேறுபாடு கூடாதென நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நகராட்சி என்ன செய்தது? 1962 தொடக்கத்தில் பூங்காக்களை இழுத்து மூடியது! கறுப்பினச் சிறுவன் ஊஞ்சலாடுவதைவிட எவரும் ஆடாதிருப்பதே மேல் என்று கருதிய ஆட்சி அது. 1963 வசந்தத்தில் மார்ட்டின் லூதர் கிங்கும் பிரெட் ஷட்டில்ஸ்வொர்த்தும் நடத்திய அறப்போரில் பள்ளிச் சிறுவர் தெருவில் இறங்கினர். கானரின் நாய்களும் நீர்க்குழாய்களும் அவர்கள்மீது பாய்ந்த காட்சியை உலகம் கண்டது. அவ்வாண்டு சூலையில் நகரின் நிறப்பிரிவினைச் சட்டங்கள் நீக்கப்பட்டன. அரங்கத்தின் இருக்கைகள் சட்டப்படி எல்லோருக்கும் பொதுவானது அதன் பின்னரே.

பிற்காலத்தில் அரங்கம் ஆல்பர்ட் பௌட்வெல் பெயரைத் தாங்கியது. 1963 மேயர் தேர்தலில் கானரை வென்றவர் அவர்; கானரினும் மென்மையானவர். ஆனால் அவரும் நிறப்பிரிவினையை ஆதரித்தவரே. பெயர்ப் பலகைகளை ஐயத்தோடு படிக்க என் மாணவர்க்கு நான் சொல்வதுண்டு. பர்மிங்காமின் பலகையும் அவ்வகையினதே. 1970-களில் நகரில் பெரியதொரு புதிய அரங்கம் எழுந்தபின் பழைய அரங்கத்தின் மவுசு குறைந்தது. எனினும் அண்மை ஆண்டுகளில், கடுங்குளிர் இரவுகளில், வீடற்றோர் வந்து தங்க அதன் கதவு திறந்துவிடப்பட்டதுண்டு.