மூன்றா, நான்கா? மேல் கடைவாய்ப் பல்லின் பாடபேதம்

ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்போர்க்கு ஒரு சங்கடம் உண்டு. ஏதேனும் ஒரு பாடத்தை மூலமென்று கொண்டு, மாறுபடும் பாடங்களை அடிக்குறிப்பிற்குத் தள்ளியாக வேண்டும். அப்படித் தள்ளப்பட்டதே பொருத்தமான பாடம் என்று பின்னாளில் தெரிய வருவதும் உண்டு. நம் வாயில் உள்ள ஒரு பல்லைப் பற்றிய அறிவின் வரலாற்றிலும் இவ்வாறு நேர்ந்திருக்கிறது.

மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல் ஆறு வயதையொட்டி முளைக்கிறது. பொதுவாக அதற்கு மூன்று வேர்கள்: அண்ணத்தின் பக்கம் ஒன்று, கன்னத்தின் பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டு. வேருக்கு ஒன்றாக மூன்று கால்வாய்கள் என்பதே நெடுங்காலம் பாடநூல்கள் காட்டிய படம். இக்கால்வாய்களுக்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழ் இருக்கிறது. சொத்தை ஆழமாகிப் பற்கூழ் அழுகினால், அதை அகற்றிக் கால்வாய்களைத் துப்புரவாக்கி அடைப்பதையே ரூட் கெனால் சிகிச்சை என்கிறோம். இச்சிகிச்சையில் ஒரு கால்வாய் கண்ணில் படாமல் விடுபட்டால் கிருமிகள் அங்கேயே தங்கும். வலி மீளும், வேர்நுனியில் சீழ் கட்டும், இறுதியில் பல்லே போகலாம். ஆகவே மூன்றா நான்கா என்ற கேள்வி உடற்கூற்று அறிஞருக்கு மட்டும் உரியதன்று.

இக்கேள்விக்கு முதலில் விரிவாக விடை தேடியவர்களுள் ஒருவர் சூரிச் நகரத்து வால்டர் ஹெஸ். பிடுங்கப்பட்ட ஏறத்தாழ 3000 பற்களை அவர் திரட்டினார். செயற்கைப் பல்செட்டின் அடித்தளம் செய்ய அக்காலத்தில் பயன்பட்ட ரப்பரை அவற்றின் உட்புழைக்குள் அழுத்தத்துடன் செலுத்தி, வெப்பத்தால் கெட்டிப்படுத்தினார். பின்பு பல்லை அமிலத்தில் கரைத்தார். எஞ்சி நின்றது, பல்லின் உள்வெளியைக் காட்டும் ரப்பர் வார்ப்பு. நேரான மூன்று குழாய்களை எதிர்பார்த்தவர்கள் அதில் கிளைகளையும் குறுக்கிணைப்புகளையும் வலைப்பின்னல்களையும் கண்டனர். மேல் முதல் கடைவாய்ப் பற்களில் ஏறக்குறைய பாதியில் நான்காவது கால்வாய் ஒன்றும் இருந்தது. கன்னப்பக்கத்து முன்வேர் தட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அதில் இரண்டு கால்வாய்கள் அமைகின்றன. ஹெஸ்ஸின் ஆய்வு 1917-இல் ஜெர்மன் மொழியிலும், 1925-இல் ஆங்கில நூலாகவும் வெளிவந்தது.

ஆயினும் மருத்துவ நடைமுறை பல்லாண்டுகள் மூன்றிலேயே நின்றது. இதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, காலச்சூழல். 1910-இல் மான்ட்ரியல் நகரில் ஆற்றிய உரையில், வாயில் தங்கும் நச்சே உடலின் பல நோய்களுக்கு மூலம் என்று வில்லியம் ஹண்டர் என்ற பிரித்தானிய மருத்துவர் சாடினார். அதைத் தொடர்ந்து பரவிய கொள்கையால், காப்பாற்றியிருக்கக் கூடிய பற்களும் ஏராளமாகப் பிடுங்கப்பட்டன. கால்வாய்கள் இத்தனை சிக்கலானவை என்ற செய்தி, பிடுங்குவதே மேல் என்போர்க்கு வாதமாகவும் அமையக்கூடியது. இரண்டாவது, கருவி. சாதாரண எக்ஸ்ரே படம் கனத்தைக் காட்டுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக உள்ள இரு கால்வாய்கள் அதில் ஒன்றாகவே தெரியும். மூன்றாவது, அந்த வாயிலின் இயல்பு. நான்காவது கால்வாயின் வாய் மிகச் சிறியது. பெரும்பாலும் பல்திசுவின் விளிம்பொன்று அதை மூடியிருக்கும். வயது ஏற ஏற உட்புழை மேலும் குறுகும்.

1969-இல் அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் வைனும் அவருடைய தோழர்களும் 208 பற்களின் முன்வேரை மட்டும் வெட்டிப் பார்த்தனர். 51.5 விழுக்காட்டில் இரண்டாவது கால்வாய் இருந்தது. செம்மையாகச் செய்ததாகத் தோன்றிய சிகிச்சைகளும் தோற்பதற்கு, தேடப்படாத இக்கால்வாய் காரணமாகலாம் என்று அவர்கள் சுட்டினர். 1984-இல் ஃபிராங்க் வெர்டூச்சி, 2400 பற்களைச் சாயமேற்றி ஒளி ஊடுருவும்படி செய்து, கால்வாய் அமைப்புகளை எட்டு வகையாகப் பிரித்தார்.

1990-இல் குலில்ட், பீட்டர்ஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வே நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது. மேல்தாடையின் முதல், இரண்டாம் கடைவாய்ப் பற்கள் 83-ஐ அவர்கள் படிப்படியாகத் துருவினர். கைக்கருவியால் மட்டும் தேடியபோது 54.2 விழுக்காட்டில் இரண்டாவது கால்வாய் கிடைத்தது. மறைக்கும் விளிம்பைத் துளைகருவியால் நீக்கியபோது மேலும் 31.3 விழுக்காட்டிலும், நுண்ணோக்கியின் கீழ் மேலும் 9.6 விழுக்காட்டிலும் அகப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 95. ஒரே பற்கள், தேடிய முறை மாற மாற எண்ணிக்கையும் மாறிற்று.

இவை பிடுங்கிய பற்கள், நோயாளியின் வாயில் இது கைகூடுமா என்று கேட்கலாம். ஜான் ஸ்ட்ராப்கோ என்ற மருத்துவர், எட்டு ஆண்டுகளில் தாம் சிகிச்சை செய்த 1732 மேல் கடைவாய்ப் பற்களின் கணக்கை 1999-இல் வெளியிட்டார். முதல் கடைவாய்ப் பற்களில் 73.2 விழுக்காட்டில் அவர் அதைக் கண்டிருந்தார். அனுபவம் கூடி, போதிய நேரம் ஒதுக்கி, நுண்ணோக்கியை வழக்கமாகப் பயன்படுத்திய பின்னர் அது 93 விழுக்காடாக உயர்ந்தது.

நான்கே விதி என்று இனி எழுதிவிடலாமா? அதுவும் பொருந்தாது. முன்வேரில் ஒரே கால்வாய் உள்ள பற்களும் உண்டு. அண்ணப்பக்கத்தில் இரண்டு கால்வாய் உள்ளவையும் உண்டு. இரண்டாம் கடைவாய்ப் பல்லிலோ வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒன்றிரண்டு கால்வாய்களோடு நிற்பதையும் காண்கிறோம். இல்லாததைத் தேடி அளவுக்கு மீறித் துளைத்தால் வேரிலேயே ஓட்டை விழும். 1990-களின் இறுதியில் வந்த கூம்புக்கதிர் முப்பரிமாணப் படம், வேண்டிய இடத்தில் இவ்வையத்தைப் பெருமளவு தீர்க்க உதவுகிறது.

ஹெஸ்ஸின் வார்ப்புகள் கண்முன் இருந்தும், அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த நான்காம் கால்வாய் அடிக்குறிப்பிலேயே கிடந்தது. சிகிச்சைக்குப் பின்னும் வலிக்கிறது என்றவர்களுள், அது தேடப்படாததால் பல்லை இழந்தவர்களும் இருந்திருப்பார்கள். எந்த நூலும் அவர்களைக் கணக்கெடுக்கவில்லை. இனி, சிகிச்சை செய்த மேல் கடைவாய்ப் பல் மீண்டும் வலித்தால், அதைப் பிடுங்கச் சம்மதிக்கும் முன், நான்காவது கால்வாய் தேடப்பட்டதா என்று நாம் மருத்துவரிடம் கேட்கலாம்.