கைநாட்டும் மின்கையொப்பமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கரிசல்காட்டு விவசாயி கடனுக்குப் போக வேண்டும். கடனென்றால் புரோநோட்டு, எழுதத் தெரியாதவருக்குப் புரோநோட்டென்றால் கைநாட்டு. ரேகை யாருடையது என்பதைத் தாள் சொல்லிவிடும். ஆனால், ரேகை வைத்தபோது தாளில் எழுதியிருந்த தொகை எவ்வளவு என்பதைச் சொல்லுமா? வெற்றுத் தாளில் வைத்த கைநாட்டுக்கு மேல் எதையும் பின்னர் எழுதிக்கொள்ளலாம் அன்றோ?

ரேகை சாட்சியான வரலாறு நம் நாட்டோடு பிணைந்தது. 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத் தாளில் வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகை அலுவலகம் அமைந்தது. ஆளை அடையாளம் காண வழி பிறந்தது. எழுத்தைக் காக்க வழி பிறக்கவில்லை.

அவ்வழியைத் தந்தது கணிதம். இரு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்குத்தொகையிலிருந்து அவற்றைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். இதை அடிப்படையாக்கி 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் ஒரு முறையை வகுத்தனர். இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு திறவுகோல் எண்கள் உண்டு. ஒன்று அந்தரங்கம், மற்றது ஊரறிந்தது. கணிப்பொறி முதலில் ஆவணம் முழுவதிலிருந்தும் ஒரு சுருக்க எண்ணைக் கணிக்கிறது. அதனை அந்தரங்க எண்ணால் மாற்றினால் கிடைப்பதே மின்கையொப்பம். பொது எண்ணைக் கொண்டு எவரும் அதைச் சரிபார்க்கலாம். ஆயிரத்தைப் பத்தாயிரமாகத் திருத்தினால் சுருக்க எண் மாறிவிடும், கையொப்பம் பொருந்தாது. கைநாட்டு எல்லாத் தாளிலும் ஒன்றே. மின்கையொப்பமோ ஆவணத்துக்கு ஆவணம் வேறு.

சரி, அந்தப் பொது எண் இன்னாருடையதுதான் என்பதற்கு யார் பொறுப்பு? பத்திரப் பதிவில் நம்மை அடையாளம் காட்டச் சாட்சிகள் வருவதில்லையா? அதுபோல இங்கே சான்றளிக்கும் நிறுவனங்கள் உள்ளன. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, மைய அரசின் கட்டுப்பாட்டு அதிகாரி அவற்றுக்கு உரிமம் தருகிறார். ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு என்று செல்லும் சங்கிலி இது.

இ-சேவை மையத்தில் நீங்கள் பெறும் வருமானச் சான்றிதழில் வருவாய்த் துறை அதிகாரியின் மின்கையொப்பம் இருக்கிறது. அச்சிட்ட தாளில் தெரிவது அதன் குறிப்பு மட்டுமே. கையொப்பம் மின்கோப்பிலேயே உள்ளது. ஆகவே தாளை நம்பாமல், அதிலுள்ள எண்ணைக் கொண்டு அரசின் இணையதளத்தில் சரிபார்ப்பதே முறை.

ஒன்றை மறவாதீர்கள். கணிதம் எழுத்தைக் காக்கும், ஏமாறுபவரைக் காக்காது. ஆதார் வழியாகக் கையொப்பமிடும்போது கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணே உங்கள் சம்மதம். எதற்கென்று அறியாமல் அதைப் பிறரிடம் சொல்வது, வெற்றுத் தாளில் கைநாட்டு வைப்பதற்கு ஒப்பாகும்.