முன்னே மட்டும் பாயலாம்

பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். 1980களின் கடைசியில் அங்கே வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகிய மூவரும் டிசிபிடம்ப் என்ற கருவியை எழுதினார்கள். கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளை எட்டிப் பார்ப்பதுதான் அதன் வேலை. எல்லா பாக்கெட்டும் வேண்டியதில்லை. இந்த இயந்திரத்திலிருந்து வருவது, இந்தப் போர்ட்டுக்குப் போவது என்று கேட்டதை மட்டும் காட்டினால் போதும்.

அங்கேதான் சிக்கல். அவர்கள் வைத்திருந்த சன் கணினிகளில் நிட் என்ற வசதி இருந்தது. அது வந்த பாக்கெட்டை முதலில் நகலெடுக்கும். வேண்டுமா வேண்டாமா என்பதை அதன் பிறகுதான் பார்க்கும். ஊருக்கு வந்த தபால் மூட்டையை அப்படியே உங்கள் திண்ணையில் கொட்டிவிட்டு, உங்கள் கடிதத்தைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்வது போல. வேகமான கம்பி என்றால் பொறுக்கவே நேரம் போதாது.

பொறுக்கும் வேலையை இயக்க முறைமையின் மையமான கெர்னலுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்பது புதிய யோசனை அல்ல. கார்னகி மெலனிலும் ஸ்டான்ஃபோர்டிலும் உருவான பாக்கெட் வடிகட்டி அதைச் செய்தது. 1987இல் கட்டுரையாகவும் வந்தது. ஆனால் அது பிடிபி-11 என்ற பழைய கணினியின் காலத்துப் பிள்ளை. ஒவ்வொரு கணக்குக்கும் நினைவகத்தில் ஓர் அடுக்கில் எண்களை ஏற்றி இறக்கும். புதிய சில்லுகளில் ரெஜிஸ்டர் வேகம், நினைவகம் மந்தம். போதாததற்கு, பாக்கெட்டின் முன்பகுதியான ஐபி தலைப்பின் நீளம் மாறக்கூடியது. போர்ட் எண் எங்கே இருக்கிறது என்று தெரிய முதலில் அந்த நீளத்தைக் கணக்கிட வேண்டும். பழைய வடிகட்டிக்கு அது வரவில்லை.

மெக்கேனும் ஜேக்கப்சனும் கெர்னலுக்குள் ஒரு குட்டிக் கற்பனைக் கணினியை வைத்தார்கள். இரண்டே ரெஜிஸ்டர்கள், குறித்துவைக்க 16 இடங்கள், கொஞ்சம் கட்டளைகள். அதில் ஒரு கட்டளை எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு பைட்டின் கடைசி நான்கு பிட்டுகளை எடுத்து நான்கால் பெருக்கும். ஐபி தலைப்பின் நீளத்தைக் கண்டுபிடிப்பதைத் தவிர அதனால் வேறு உபயோகம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. பொதுவான இயந்திரம் என்று சொல்லிக்கொண்டே தனக்கு வேண்டியதை நைசாக உள்ளே வைத்துக்கொள்ளும் பொறியாளர் புத்தி அது.

1993 ஜனவரியில் சான் டியேகோவில் நடந்த யூசெனிக்ஸ் மாநாட்டில் இந்தப் புது வடிகட்டி பிபிஎஃப் என்ற பெயரில் அறிமுகமானது. பழைய வடிகட்டியை விட 20 மடங்கு வரை, சன்னின் நிட்டை விட மொத்தத்தில் 100 மடங்கு வரை வேகம் என்றது கட்டுரை.

வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். என் கண்ணில் பெரிதாகப் படுவது வேறு. கெர்னலில் சேரும் ஒவ்வொரு திருத்தத்தையும் விவரம் தெரிந்தவர்கள் வரிவரியாகப் படிப்பார்கள்; அங்கே ஒரு பிழை என்றால் இயந்திரமே விழும். வடிகட்டியோ பயனர் இந்த நொடியில் கேட்டதற்காகப் பிறந்த நிரல். அதை யார் உட்கார்ந்து படிப்பது? கெர்னலே படித்தது. அதற்காக எழுதிய சோதனை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்: குறித்துவைக்கும் இடம் 16ஐத் தாண்டுகிறதா, பூச்சியத்தால் வகுக்கச் சொல்கிறதா, கடைசிக் கட்டளை முடிவுக் கட்டளைதானா, எல்லாத் தாவல்களும் நிரலுக்குள்ளேயே, முன்னோக்கியே போகின்றனவா. பின்னால் போக வழி இல்லையென்றால் எந்தக் கட்டளையும் இரண்டாம் முறை ஓடாது. ஆகவே நிரல் முடிந்தே தீரும். நிரல் முடியுமா என்று பொதுவாகச் சொல்லவே முடியாது என்பது கணினி அறிவியலின் பழைய தலைவலி. இவர்கள் சுழலைத் தடைசெய்து அந்தத் தலைவலியையே வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

லினக்ஸில் இது 1997இல் நுழைந்தது. 2012இல், ஒரு செயலி கெர்னலிடம் எதையெல்லாம் கேட்கலாம் என்று கட்டுப்படுத்தவும் இதே வடிகட்டி பயன்பட்டது. 2014இல் அலெக்ஸி ஸ்டாரோவொய்ட்டவும் டேனியல் போர்க்மனும் இதை விரித்து ஈபிபிஎஃப் ஆக்கினார்கள். புது இயந்திரம் என்று கேட்டால் கெர்னலின் மூத்தவர்கள் எளிதில் இசைவார்களா? முதலில் பழைய வடிகட்டிகளே உள்ளுக்குள் புதுக் கட்டளைகளாக மாறி ஓடின. புது நிரல்களை நேரடியாக ஏற்றும் சிஸ்டம் கால் பிறகுதான் வந்தது.

இப்போது சுட்டிகளும் செயற்கூறுகளும் வந்துவிட்டன. ஒரு பக்கச் சோதனை போதாது. ஒவ்வொரு பாதையிலும் நடந்து பார்த்து, எந்த ரெஜிஸ்டரில் என்ன இருக்கலாம் என்று கணக்கு வைக்கும் வெரிஃபையர் அந்த இடத்துக்கு வந்தது. 2019இல், எல்லை உள்ள சுழல்களையும் அது அனுமதித்தது. முடிவு வரை தானே நடந்து பார்க்க முடிந்தால் சரி என்றது.

2017இல் அதன் கணக்கே தப்பியது. 32 பிட் எண் ஒன்றை 64 பிட்டாக நீட்டும்போது வெரிஃபையர் ஒரு மதிப்பை நினைத்தது, ஓடும்போது வேறொன்று வந்தது. இந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள் என்று அது பார்க்காமல் விட்ட கிளைக்குள் தாக்குபவர் நுழைந்து கெர்னல் நினைவகத்தில் கை வைக்க முடிந்தது. பின்னாளில் சாதாரணப் பயனர்களுக்கு ஈபிபிஎஃப் வாசலை லினக்ஸ் இயல்பிலேயே சாத்திவிட்டது. மனிதர் படிக்க முடியாததைப் படிக்கவென்று பிறந்த அந்தச் சோதனை, இன்று 20,000 வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் மனிதர்கள்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

லினக்ஸ் கணினி கையில் இருந்தால் டிசிபிடம்ப்பை ஒரு வடிகட்டியோடு, மைனஸ் டி சேர்த்து ஓட்டிப் பாருங்கள். உங்கள் வடிகட்டி கட்டளைகளாக, வரி எண்ணோடு அச்சாகும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில், ஆமென்றால் எந்த வரி, இல்லையென்றால் எந்த வரி என்று இரண்டு எண்கள் இருக்கும். தான் நிற்கும் வரியை விடச் சிறிய எண் அதில் ஒன்றுகூட இருக்காது.